விழுந்தவர் பெயர்

மே 27, திங்கள்

காலை ஆறு மணிக்கு வந்த தண்ணீர் ஆறே முக்காலுக்கு நின்றுவிட்டது. மூன்று குடமும் ஒரு வாளியும்தான் நிரம்பின. கீழ்வீட்டில் மோட்டார் வைத்து இழுக்கிறார்கள். சங்கத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

மாலை ஐந்து மணிக்கு நலச்சங்கக் கூடத்தில் ஒரு கூட்டம். பிசியோதெரபி கல்லூரி ஒன்றிலிருந்து ஜெஸிந்தா என்பவர் வந்திருந்தார். அங்கே விரிவுரையாளர், முப்பத்தைந்து வயதிருக்கும். வயதானவர்கள் வீடியோ கேம் விளையாடினால் தடுமாற்றம் குறைகிறதா என்று எங்கள் குடியிருப்பில் பன்னிரண்டு வாரம் பார்க்கப் போகிறார்களாம். திங்கள், புதன், வெள்ளி, காலை பத்திலிருந்து பதினொன்று வரை. தரையில் ஒரு வெள்ளைப் பலகை, எடை பார்க்கும் இயந்திரம் போல. அதன்மேல் ஏறி நின்று உடம்பைச் சாய்த்தால் டிவியில் இருக்கும் பந்து அந்தப் பக்கம் உருள்கிறது.

முதலில் சிரித்தது சி பிளாக் வரதராஜலு. மில்லில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். “ஏனுங்க மேடம், பேரன் ஆடறத நாங்க ஆடறதுங்களா?”

“பேரன் விழுந்தா சிராய்ப்புங்க சார். நீங்க விழுந்தா எலும்பு.”

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

அறுபத்தைந்து வயது தாண்டியிருக்க வேண்டும். கடந்த ஓராண்டில் இரண்டு முறையாவது விழுந்திருக்க வேண்டும். ஒரு வீட்டிலிருந்து ஒருவர் மட்டும். மொத்தம் இருபது இடம்.

என் மனைவி தெய்வானை கூட்டத்துக்கு வரவில்லை. மார்ச்சில் மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது ஒருமுறை விழுந்தாள். சித்திரையில் அடுப்படியில் எண்ணெய் சிந்திய இடத்தில் ஒருமுறை. அதிலிருந்து சுவரைத் தொட்டுக்கொண்டேதான் நடக்கிறாள். ஆனால் அவளுக்கு இந்த விளையாட்டெல்லாம் ஒத்து வராது. டிவி ரிமோட்டையே கையில் எடுக்க மாட்டாள்.

படிவத்தைப் பூர்த்தி செய்து கொடுத்தேன். சேர்த்துக்கொண்டார்கள்.

ஜூன் 3, திங்கள்

முதல் நாள் சோதனை. ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார்கள். ஆறு விநாடி நின்றேன். நாற்காலியிலிருந்து எழுந்து மூன்று மீட்டர் நடந்து திரும்பி வந்து உட்கார வேண்டும், பதினான்கு விநாடி. ஜெஸிந்தா எழுதிக்கொண்டார். முகத்தில் எதுவும் தெரியவில்லை.

போக்குவரத்துக் கழகத்தில் செக்கிங் இன்ஸ்பெக்டராக முப்பத்தொரு வருடம். ஓடும் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நின்றுதான் டிக்கெட் பார்த்தவன். அதை அவரிடம் சொன்னேன். “அது அப்போங்க சார்,” என்றார்.

பந்து விளையாட்டு. பலகை வழுக்கவில்லை, ஆனாலும் காலடியில் தரை நகர்கிற மாதிரி ஒரு எண்ணம். துளைக்குள் விழ வேண்டிய பந்து வெளியேதான் போய் விழுந்தது.

வீட்டுக்கு வந்ததும் தெய்வானை கேட்டாள், “என்னங்க பண்ணச் சொன்னாங்க?”

“ஏதோ எக்சர்சைஸ்” என்றேன்.

ஜூன் 5, புதன்

பந்து விளையாட்டில் 340 புள்ளி. வரதராஜலு 410.

ஜூன் 12, புதன்

கேஸ் சிலிண்டர் வந்தது. மேலே தூக்கி வரமாட்டேன் என்று ஆள் தகராறு. விதியை எடுத்துச் சொன்னேன். தூக்கி வந்தான்.

இன்று கயிற்றின்மேல் நடக்கும் விளையாட்டு. இரண்டு உயரமான கட்டடங்களுக்கு நடுவே கயிறு. பலகையில் கால் மாற்றி மாற்றி அழுத்த, டிவியில் ஒருவன் நடக்கிறான். ஒரு பக்கம் கொஞ்சம் பாரம் கூடினால் கீழே விழுந்துவிடுகிறான். நான் ஏழு தடவை அவனை விழவைத்தேன். ஜெஸிந்தா பின்னாலேயே கைகளை விரித்தபடி நின்றார். “மூச்ச அடக்காதீங்க சார். பல்லக் கடிக்காதீங்க.”

போகும்போது எல்லோருக்கும் ஒரு தாள் கொடுத்தார். வீட்டில் விழாமல் இருக்க என்னென்ன செய்ய வேண்டும் என்று. குளியலறையில் கைப்பிடி, ஈரமில்லாத தரை, வழியில் மிதியடி கூடாது. மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். பிளம்பரைக் கூப்பிட வேண்டும்.

ஜூன் 21, வெள்ளி

பந்து 620. வரதராஜலு 605. மனிதர் முகம் சுண்டைக்காய் போல ஆகிவிட்டது. அவருடைய மனைவி தினமும் வந்து ஓரத்தில் உட்கார்ந்து கை தட்டுகிறார். அதுதான் அவருக்குப் பலம். இன்று அந்த அம்மாவும் தட்டவில்லை.

மத்தியானம் சாப்பிடும்போது தெய்வானை, “நானும் ஒரு நாளைக்கு வந்து பாக்கட்டுங்களா?” என்றாள்.

“வெளியாள் யாரையும் உள்ளே விடமாட்டாங்க” என்றேன்.

தலையாட்டிவிட்டு ரசம் ஊற்றினாள்.

ஜூன் 28, வெள்ளி

இரண்டு நாளாகச் சாரல். மேற்குக் காற்று ஜன்னலை அடிக்கிறது.

காலையில் கட்டிலில் உட்காராமல், சுவரில் சாயாமல் நின்றபடியே பேன்ட் போட்டேன். பத்து வருடத்துக்குப் பிறகு. தெய்வானை கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நெம்ப நல்லா நிக்கிறீங்க இப்ப.”

“பயிற்சி.”

“எனக்குத்தானுங்க எந்திரிச்சா நெலம் நழுவுற மாதிரி இருக்குது.”

சத்து மாத்திரை இருக்கிறது, போட்டுக்கொள் என்று சொன்னேன். கீரைக்காரி வரவில்லை. முருங்கைக்கீரை நானே போய் வாங்கி வந்தேன். இதையும் எழுதி வைக்கிறேன், வீட்டு வேலை எதுவும் செய்வதில்லை என்று மகள் சொல்கிறாளே.

ஜூலை 5, வெள்ளி

இடைக்காலச் சோதனை. ஒற்றைக் காலில் பத்தொன்பது விநாடி. நாற்காலி, நடை, திருப்பம் எல்லாம் சேர்த்துப் பத்தரை விநாடி. இருபது பேரில் இவ்வளவு முன்னேற்றம் வேறு யாருக்கும் இல்லை என்று ஜெஸிந்தா எல்லோர் முன்னிலும் சொன்னார். வரதராஜலுவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

பிறகு படிவத்தைப் புரட்டிக்கொண்டே கேட்டார். “மொட்டை மாடில விழுந்தப்ப எந்தப் பக்கம் சார் விழுந்தீங்க?”

“வலது பக்கம்.”

“அடுப்படிலயும்?”

“ஆமாங்க. வலதுதான்.”

எழுதிக்கொண்டார். பக்கம் பற்றிய கேள்வி படிவத்தில் இல்லை. ஏன் கேட்டார் என்று தெரியவில்லை.

இது என் நாட்குறிப்பு. வேறு யாரும் படிக்கப் போவதில்லை. ஆகவே எழுதுகிறேன். நான் விழுந்ததே இல்லை. ஒருமுறை பஸ் ஸ்டாண்டில் கால் இடறியது, விழவில்லை. படிவத்தில் எழுதிய இரண்டு தடவையும் தெய்வானை விழுந்ததுதான். நடந்தது என் வீட்டில். தூக்கி நிறுத்தியவன் நான். இடமும் நாளும் தவறில்லாமல்தான் எழுதினேன். முழுப் பொய் என்று சொல்ல முடியாது.

எழுபத்து மூன்று வயதில் ஒரு மனிதனை எதற்கும் யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. சங்கத் தேர்தலில்கூட நிற்க வேண்டாம் என்றுவிட்டார்கள். அன்று கூடத்தில் அந்த வெள்ளைப் பலகையைப் பார்த்தபோது, இதில் ஏறி நிற்க வேண்டும் என்று தோன்றியது. அவ்வளவுதான்.

அவளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் யோசித்திருப்பேன்.

ஜூலை 15, திங்கள்

வரதராஜலு 980. நான் 955. அவர் மனைவி கை தட்டிய சத்தம் படிக்கட்டு வரை கேட்டது.

ஜூலை 17, புதன்

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். மாலை நாலு மணி.

தெய்வானை விழுந்துவிட்டாள். குளித்துவிட்டு வெளியே வரும்போது குளியலறை வாசலில். வலது இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது. அறுவை சிகிச்சை செய்தாக வேண்டும் என்கிறார்கள்.

நான் கூடத்தில் இருந்தேன். இன்று வகுப்பு கொஞ்சம் நேரம் இழுத்துவிட்டது. பலகையில் ஏறும்போது அலைபேசியை ஜன்னல் திட்டில் வைத்துவிட வேண்டும், சைலண்ட்டில் இருந்தது. நான் வந்தபோது கீழ்வீட்டு சகுந்தலா அவளுடைய தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆம்புலன்ஸுக்குச் சொல்லியிருந்தார். விழுந்து அரை மணி நேரம் ஆகியிருக்கும்.

காலையில் தலை கிறுகிறுக்கிறது என்று அவள் சொன்னது உண்மைதான். எல்லோரும் சொல்வது போலத்தான் சொன்னாள்.

மகள் பூங்கோதைக்குத் தகவல் சொன்னேன். ஓசூரிலிருந்து கிளம்பிவிட்டாள்.

ஜூலை 19, வெள்ளி

அறுவை சிகிச்சை முடிந்தது. இரண்டு மணி நேரம். உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள். நன்றாக முடிந்தது என்று டாக்டர் சொன்னார். மகள் அழுதாள். என் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அவள் எதிர்வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

ஜூலை 22, திங்கள்

வாக்கரைப் பிடித்துக்கொண்டு நிற்க வைத்தார்கள். நான்கு விநாடி. வலியில் தெய்வானையின் உதடு வெளுத்துவிட்டது.

இட்லி வாங்கி வந்தேன். சட்னியை மறந்துவிட்டேன்.

ஜூலை 24, புதன்

பூங்கோதை அம்மாவின் அலைபேசியை எடுத்துப் பார்த்திருக்கிறாள். பட்டன் போன்தான், ஆனால் கூப்பிட்ட நேரமெல்லாம் அதில் இருக்கிறது.

“அப்பா, பத்து இருபதுக்கு ஒரு கால். பத்து இருபத்தஞ்சுக்கு ஒண்ணு. பத்து நாப்பது. பதினொண்ணு அஞ்சு. நாலு தடவை கூப்பிட்டிருக்காங்க. நீங்க வீட்டுக்கு வந்தது எத்தனை மணிக்கு?”

“பதினொண்ணரை இருக்கும்.”

“சகுந்தலாக்கா பன்னெண்டு பத்துன்னு சொல்றாங்க.”

“அவங்க கடிகாரம் வேகமா ஓடும்.”

அவள் என்னைப் பார்க்கவில்லை. கையிலிருந்த போனை அணைத்துப் பைக்குள் போட்டாள். “போனை எடுக்கறதுக்காக முன்னறை ஆசாரத்துல இருந்த மோடா ஸ்டூல் வரைக்கும் இழுத்துக்கிட்டே போயிருக்காங்கப்பா. முழங்கையெல்லாம் சிராய்ச்சிருக்குது. நீங்க பாத்தீங்களா, இல்லையா?”

பார்த்தேன். பொருக்குத் தட்டியிருந்தது.

வகுப்பு பதினொரு மணிக்கே முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு நானும் வரதராஜலுவும் மட்டும் இருந்தோம். 980-ஐத் தாண்டாமல் போவதில்லை என்று சொல்லியிருந்தேன். ஜெஸிந்தா அறிக்கை எழுதிக்கொண்டிருந்தார்; அரை மணி ஆடிக்கொள்ளுங்கள் என்றார். அது ஒரு மணி நேரமாகிவிட்டது. 1010 எடுத்தேன்.

ஜூலை 26, வெள்ளி

நேற்று வீட்டுக்கு வந்தாயிற்று. எங்கள் வீடு இருக்கும் முதல் மாடிக்கு ஏற்றிவிட முடியாது என்று ஆஸ்பத்திரி ஆட்கள் சொல்லிவிட்டார்கள். அக்கம்பக்கத்திலிருந்து நான்கு பேர் வந்து நாற்காலியில் வைத்துத் தூக்கினார்கள். வரதராஜலுவும் நாற்காலியின் ஒரு காலைப் பிடித்தார்.

பிளம்பர் வந்து குளியலறையில் இரண்டு கைப்பிடி பொருத்திவிட்டுப் போனார். இருபது நிமிட வேலை.

ஜூலை 29, திங்கள்

ஐந்து வகுப்புக்கு நான் போகாததால் ஜெஸிந்தா வீட்டுக்கே வந்துவிட்டார். சாத்துக்குடி வாங்கி வந்திருந்தார். தெய்வானையின் கட்டில் பக்கம் உட்கார்ந்து காலை மெல்ல மடக்கிப் பார்த்தார். “பாதத்த மேல இழுங்கம்மா. இன்னும் கொஞ்சம். நல்லா பண்றீங்க.” தெய்வானை சிரித்தாள். அவளை யாரும் நல்லா பண்றீங்க என்று சொல்லி நான் கேட்டதில்லை.

நான் காபி கலக்க அடுப்படிக்குப் போனேன். பால் பொங்கும் நேரத்தில் ஜெஸிந்தாவின் குரல் கேட்டது.

“இதுக்கு முன்னாடி விழுந்திருக்கீங்களாம்மா?”

“ரெண்டு தடவைங்க. மார்ச்சுல மொட்ட மாடில துணி காயப்போடறப்ப ஒருக்கா. அப்பறம் சித்திரைல அடுப்படில. எண்ணெ சிந்திக் கெடந்துச்சுங்க, பாக்காம கால வெச்சுட்டேன்.”

அடுப்பை அணைத்தேன்.

“எந்தப் பக்கமா விழுந்தீங்க?”

“வலதுதானுங்க. ரெண்டு தடவையும்.”

டம்ளர்களை எடுத்துக்கொண்டு நான் உள்ளே வந்தேன். ஜெஸிந்தா பேனாவை மூடிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். டிக்கெட் எடுக்காமல் வந்தவனைப் பஸ்ஸில் பிடிக்கும்போது, அவனுக்குப் பக்கத்து இருக்கையில் இருப்பவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். கோபமெல்லாம் இருக்காது. இவனோடா இவ்வளவு தூரம் உட்கார்ந்து வந்தோம் என்கிற பார்வை. அந்தப் பார்வை இதற்கு முன் என்மேல் விழுந்ததில்லை.

“சார், உங்க படிவத்துல இருக்கிறதும் இதேதான். மொட்டை மாடி, அடுப்படி, எண்ணெய், வலது பக்கம்.”

“ஒரே வீடுங்க. ஒரே தரை. ரெண்டு பேருமே விழுந்திருக்கலாம் இல்லீங்களா?”

தெய்வானை தலையணையிலிருந்து தலையைத் தூக்கினாள். “நீங்க எப்பங்க விழுந்தீங்க?”

நான் டம்ளரை ஸ்டூலில் வைத்தேன்.

“என்னங்க மேடம் படிவம்?” என்று அவரிடம் கேட்டாள். அவர் சொன்னார். மெதுவாக, ஒவ்வொன்றாக. ரெண்டு தடவை விழுந்தவர்களைத்தான் எடுத்தோம். ஒரு வீட்டுக்கு ஒருத்தர்தான். பன்னிரண்டு வாரம். கால் பலப்படும், தடுமாற்றம் குறையும். சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். மீதியை அவள் புரிந்துகொண்டுவிட்டாள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

காபியை அவர் குடிக்கவில்லை.

ஜூலை 30, செவ்வாய்

மத்தியானம் பூங்கோதை குளிக்கப் போயிருந்தபோது தெய்வானை கூப்பிட்டாள். கட்டிலருகே போனேன். உட்காரச் சொல்லவில்லை.

“ஏனுங்க, எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமுல்ல? ‘இந்த மாதிரி ஒண்ணு இருக்குது, நீ போறயா, நாம் போகட்டுமா’ன்னு. நீங்களே போங்கன்னுதான் சொல்லியிருப்பேன். இத்தன வருசமா வேற என்ன சொல்லியிருக்கறேன்?”

“உனக்கு அதெல்லாம் புடிக்காதுன்னு நெனச்சேன்.”

“நாப்பத்தெட்டு வருசத்துல எனக்கு எது புடிக்குமுன்னு எப்பத் தெரிஞ்சுச்சு, எது புடிக்காதுன்னு தெரியறதுக்கு?”

நான் ஜன்னலைச் சாத்தப் போனேன். சாரல் அடிக்கவில்லை. ஆனாலும் சாத்தினேன்.

“இந்த வீட்டுல என்னுதுன்னு நான் எதையும் வெச்சுக்கிட்டதில்லீங்க. விழுந்தது ஒண்ணுதான் என்னுது. அதையும் எடுத்துக்கிட்டுப் போயி உங்க பேருல எழுதிட்டீங்களே.”

குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். எனக்குச் சத்தத்துக்குப் பதில் சொல்லத் தெரியும்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

பால், தயிர், வாழைப்பழம். தெய்வானைக்கு இரத்தம் உறையாமலிருக்கப் போடும் ஊசி முடிந்தது, மாத்திரைக்கு மாற்றியிருக்கிறார்கள்.

பூங்கோதை அவளுடைய வீட்டுக்காரரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். கீழ்த்தளத்து வீடு, சக்கர நாற்காலி, ஓசூரில் ஜெஸிந்தாவின் தோழி நடத்தும் பிசியோதெரபி மையம் என்றெல்லாம் காதில் விழுந்தது. அங்கேயும் அதே மாதிரிப் பலகை இருக்கிறதாம். ஜெஸிந்தாவே பேசி ஏற்பாடு செய்திருக்கிறார். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. பக்கத்து வீடுகளில் சர்க்கரைப் பொங்கல் வாசனை.

பத்து மணிக்கு வேன் வந்தது. தெய்வானையின் துணியெல்லாம் இரண்டு பையில் அடங்கிவிட்டது. கீழே இறக்க அதே நான்கு பேர். நாற்காலியின் முன்பக்கத்தை நான் பிடிக்கிறேன் என்று முன்னே போனேன். கால் இப்போது நன்றாக நிற்கிறது, படியில் தடுமாறாது, எனக்கு நம்பிக்கை இருந்தது.

“வேண்டாங்க. சகுந்தலா வூட்டுக்காரரு புடிக்கட்டும்,” என்றாள்.

“எத்தனை நாளைக்கு?” என்று மகளிடம் கேட்டேன்.

“அம்மாவுக்கு எத்தன நாள் வேணுமோ அத்தன நாளைக்குப்பா.”

கோபப்பட்டுக் கேட்டேன், “நான் வீட்டுல தனியா என்ன பண்றதுன்னு யோசிச்சியா?”

பூங்கோதை வேன் கதவைப் பிடித்தபடி நின்றாள். “அந்த ஒண்ணே முக்கால் மணி நேரம் அம்மா தனியா என்ன பண்ணினாங்கன்னு நீங்க யோசிச்சு முடிங்கப்பா. அப்பறம் நான் உங்களுக்கு யோசிக்கறேன்.”

ஆகஸ்ட் 4, ஞாயிறு

சோறு குழைந்துவிட்டது. தண்ணீர் எவ்வளவு வைக்க வேண்டும் என்று தெரியவில்லை. கேட்க ஆளில்லை.

ஒன்றை எழுதிவிட வேண்டும். அலைபேசி சைலண்ட்டில் இல்லை. முதல் தடவை அடித்தபோது நான் பலகையின்மேல் இருந்தேன். ஜன்னல் திட்டு கைக்கெட்டும் தூரம்தான். திரையில் அவளுடைய பெயர் தெரிந்தது. கடைசிப் பந்து துளையின் விளிம்பில் நின்றிருந்தது. இடது காலில் கொஞ்சம் பாரம் கூட்டினால் விழுந்துவிடும். காய் வாங்கி வரச் சொல்லத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன். அப்படி நினைத்தேனா, நினைத்ததாக இப்போது எழுதுகிறேனா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வரதராஜலு, “வூட்டுல இருந்து கூப்படறாங்களாட்ட இருக்குதுங்க,” என்றார். “அப்பறம் பேசிக்கலாம்” என்றேன். மணி நின்றது. இரண்டாவது முறை அடித்தபோது இறங்கிப் போய், நானே அதைச் சைலண்ட்டில் போட்டேன்.

பந்து விழுந்தது. நாற்பது புள்ளி.

ஆகஸ்ட் 9, வெள்ளி

ஜெஸிந்தா கூடத்துக்கு வரச் சொல்லியிருந்தார். மற்றவர்கள் போன பிறகு பேசினார். என் பெயரையும் அளவுகளையும் ஆய்விலிருந்து எடுத்துவிட்டதாகச் சொன்னார். கல்லூரிக் குழுவிடம் காரணமும் எழுதிக் கொடுத்துவிட்டாராம்.

“என் கால் தேறினது உண்மைதானுங்களே. அதுல பொய் இல்லையே.”

“உண்மைதான் சார். ரொம்ப நல்லாவே தேறியிருக்கு.” பலகையின் ஒயரைச் சுருட்டிக்கொண்டே சொன்னார், “விழாதவர ஏத்தி நிறுத்தி, விழாம நிக்கிறாருன்னு நான் எழுத முடியாதுங்க.” பிறகு கொஞ்சம் தணிந்து, “என் மேலயும் தப்பு இருக்கு. அன்னைக்கே ஒவ்வொரு வீடா வந்து பாத்திருக்கணும். ஒரு வீட்டுக்கு ஒருத்தர்னு விதி போட்டதும் நான்தான்,” என்றார்.

அவர் முகத்தைப் பார்த்தபோது, தூங்காமல் இருந்திருக்கிறார் என்று தோன்றியது. நான் நன்றாகத்தான் தூங்குகிறேன். அதுவும் ஒரு குற்றமா என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 23, வெள்ளி

நிறைவு விழா. ஒலிபெருக்கி சத்தம் வீடு வரை கேட்டது. வரதராஜலுவுக்கு முதல் பரிசு.

செப்டம்பர் 11, புதன்

போன் செய்தேன். பூங்கோதை எடுத்தாள். அம்மா வாக்கரில் தெருமுனை வரை போய் வருகிறாளாம். வாரம் மூன்று நாள் பலகை. முதல் வாரம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே காலை மட்டும் வைத்து ஆடினாளாம். இப்போது இரண்டு பக்கமும் கம்பிக்கு நடுவே நின்று ஆடுகிறாளாம். போனை அவளிடம் கொடு என்றேன். தூங்குகிறாள் என்றாள். காலை பதினொரு மணி.

அக்டோபர் 5, சனி

யாரிடமும் சொல்லாமல் விடிகாலை பஸ் பிடித்து ஓசூருக்குப் போனேன். மகள் வீட்டில் பூட்டு. பக்கத்துக் கடையில் கேட்டதற்கு, இரண்டு தெரு தள்ளியிருக்கும் பிசியோதெரபி மையத்தைக் காட்டினார்கள்.

கண்ணாடிக் கதவுக்கு உள்ளே தெய்வானை பலகையின்மேல் நின்றிருந்தாள். சேலையை முன்னால் இழுத்துச் செருகியிருந்தாள். தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருக்கிறார்கள், கழுத்து தெரிந்தது. டிவியில் பனி மலையிலிருந்து ஒரு உருவம் சறுக்கி வந்துகொண்டிருந்தது. அவள் இடுப்பைச் சாய்த்துச் சாய்த்துக் கொடிகளுக்கு நடுவே அதைக் கொண்டுபோனாள். ஒரு கொடியை இடித்துவிட்டாள். “அய்யோ சாமி!” என்று கத்திச் சிரித்தாள். அப்படி ஒரு குரல் அவளிடம் இருப்பது எனக்குத் தெரியாது.

பிறகு கம்பியிலிருந்து கையை எடுத்துவிட்டு நிற்கச் சொன்னார்கள். நானும் வெளியே நின்று எண்ணினேன். பதினான்கு.

என்னைப் பார்த்ததும் அவள் தடுமாறவில்லை. கம்பியைப் பிடித்து, ஒரு காலை இறக்கி, மறு காலை இறக்கி, நாற்காலிக்கு வந்து உட்கார்ந்தாள். அங்கிருந்த பெண், “வீட்டுக்காரருங்களாம்மா?” என்று கேட்டார். “ஆமாங்க” என்றாள்.

மகள் வீட்டில் சாப்பாடு. அவரைக்காய்ப் பொரியல், பருப்பு. பூங்கோதை பரிமாறினாள். பேரப்பிள்ளைகளைப் பற்றி, வெயிலைப் பற்றிப் பேசினோம். சாப்பிட்டு முடித்ததும் தெய்வானையிடம் கேட்டேன்.

“எப்ப வர்ற?”

“நான் வரலீங்க.”

“கால் சரியானதுக்கு அப்பறம்...”

“கால் சரியாயிருச்சுங்க.”

“நான் பண்ணினது தப்புதான். ஒத்துக்கறேன். படிவத்துல எழுதினதும் தப்பு. போனை...” அதோடு நிறுத்தினேன்.

“போன நீங்க பாத்தீங்கன்னு எனக்குத் தெரியும்,” என்றாள். “முதத் தடவ முழுசா அடிச்சு நின்னுச்சு. ரெண்டாவது தடவ பாதிலயே சத்தம் நின்னு போச்சு. தரைல காத வெச்சுப் படுத்துக் கெடந்தனுங்க, சங்கக் கூடத்துல அடிக்கறது நம்ம வூட்டு ஜன்னல் வழியா கேக்கும். உங்க போன் சத்தம் எனக்குத் தெரியாதா?” தண்ணீர்ச் சொம்பை என் பக்கம் தள்ளி வைத்தாள். “அதுக்கப்பறமும் ரெண்டு தடவ கூப்புட்டேன். ஏன்னு தெரியல.”

பூங்கோதை அடுப்படிக்குள் போய்விட்டாள்.

“ஒடம்பப் பாத்துக்குங்க. மாத்திரைய விட்ராதீங்க,” என்றாள். கடையில் மீதிச் சில்லறை கொடுக்கிறவர்கள் சொல்வது போலச் சொன்னாள்.

இரண்டரை மணி பஸ்ஸுக்கு எழுந்தேன். செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். நாற்காலியிலிருந்து வாசல் மூன்று மீட்டர்கூட இருக்காது. எழுந்து வர அவளால் முடியும்; காலையில் என் கண்ணால் பார்த்தேன்.

அவள் வரவில்லை.